ஜும்ஆ நேரத்தில் வருகிறவர்கள்

பதுளை டவுனில் அந்த டிஸ்பென்சரி இருந்த ஒழுங்கையில் வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஓர் ஆண்பிள்ளையைப் பார்க்க முடியாது. இரும்புக்கடை, புடவைக்கடை, பலசரக்குக்கடை எல்லாவற்றுக்கும் பலகை போட்டுவிட்டு, முதலாளி முதல் சிப்பந்தி வரை தொப்பியும் சாரமுமாகப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து, வாசலில் நின்று நாலு கதை பேசி, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று, கடை திறக்க இரண்டு மணியாகும். பின்னறை வேலைக்கு றஷீதா பிடித்து வைத்திருந்த நேரம் அதுதான்.

முன்னறை வேலை தினமும் உண்டு. பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கலக்கிக் கொடுப்பாள், புண் கழுவிக் கட்டுவாள், டிஸ்பென்சரியை நடத்திய டாக்டரம்மாவின் ஊசிகளை அவித்து எடுப்பாள். தாதிப் படிப்பு ஒன்றும் படித்தவள் இல்லை. புருஷன் மௌத்தான பிறகு கூட்டிப் பெருக்க என்று வந்தவள், பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள். ஆனாலும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அவளை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னறையில் நடப்பதை அவர்கள் 'கழுவுறது' என்பார்கள். சட்டப்படி அது கருக்கலைப்பு, குற்றம். தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டும் விலக்கு. ஐந்து பெற்று, ஆறாவதுக்கு உடம்பில் இரத்தமில்லாமல் வந்து நிற்கிறவளுடைய உயிர் அந்தக் கணக்கில் வருமா வராதா என்று யாரிடம் போய்க் கேட்பது? டாக்டரம்மா யாரிடமும் கேட்கவில்லை, செய்துகொடுத்தார்.

இதற்குத் தடையாக இருந்தது போலீஸ் அல்ல, எதிர்த்த இரும்புக்கடை ஜுனைதீன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷர். அவர் கடையில் ஆணி வாங்கினால் நிறுவையில் குறையாது, விலையில் இரண்டு பேச்சு கிடையாது. காலையில் கடை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் ஒழுங்கைக்குள் நுழைகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்ப்பார். ஒருத்தி தயங்கித் தயங்கி டிஸ்பென்சரிப் பக்கம் திரும்பினால் போதும், எழுந்து வந்துவிடுவார். சத்தம் போடமாட்டார். "தங்கச்சி, அந்த வாசல்ல ஏறாதீங்க. அது உசிரு. பெத்து என்னட்டக் குடுங்க, நான் வளக்கிறன்," என்பார். வாய்ப்பேச்சும் இல்லை. அப்படி வந்த பிள்ளைகள் இரண்டு அவர் வீட்டில் வளர்ந்தன, அவருடைய சொந்தப் பிள்ளைகளோடு ஒரே சகன் தட்டில் சாப்பிட்டன. றஷீதாவுக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம், இந்த மனுஷரை என்ன செய்வது?

தோட்டத்துப் பெண்களுக்குப் பெரிய மனுஷர் ஒருவர் நின்று சொன்னால் மறுத்துப் பேச வராது. "ஆமாங்க மொதலாளி" என்று திரும்பிப் போய்விடுவார்கள். அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருத்தி இராக்கம்மா, நமுனுகுலப் பக்கத்துக்காரி. போன வழியில் யாரோ ஒருத்தியிடம் கருக் கலைக்கக் குச்சி வைத்துக்கொண்டு, லயத்து வீடுகளுக்குப் பின்னால் செத்துக் கிடந்தாள். றஷீதா தெருவைக் கடந்து போய் ஜுனைதீனிடம் முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் "இன்னாலில்லாஹி" என்றார், கண்ணும் கலங்கியது. அடுத்த நாள் காலையில் கதிரை மறுபடியும் வாசலுக்கு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் பின்னறைக்கு வெள்ளிக்கிழமை மட்டும் என்று றஷீதா முடிவு கட்டினாள். டாக்டரம்மாவும் சரி என்றார்.

எழுபத்து நாலாம் வருஷம். அரிசி இல்லை, மாவுக்குக் கியூ, தோட்டங்களில் சனம் மரவள்ளியும் கீரையும் அவித்துத் தின்ற காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக் கூட்டத்தோடு கூட்டமாக, மடுல்சீமைப் பக்கமிருந்து பாக்கியலெட்சுமி என்று ஒருத்தி வந்தாள். இடுப்பில் வயிறு மட்டும் பெருத்த கடைசிப் பிள்ளை. பிள்ளைக்குப் பூச்சி மருந்து வாங்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்து, முன்னறை காலியான பிறகு வாயைத் திறந்தாள்.

"நாள் தள்ளிப் போயிருக்குங்க மிஸ்ஸி. கடேசிப் புள்ளைக்கே உசுரு போயி வந்துச்சு. இன்னொண்ணுன்னா நீ தாங்க மாட்டேன்னு தோட்டத்து டாக்டரய்யா அப்பவே சொன்னாருங்க."

டாக்டரம்மா பார்த்தார். மூன்று மாதம் நெருங்குகிறது, இதற்கு மேல் தள்ளினால் தொட முடியாது, செய்தால் ஓர் இரவாவது படுத்திருந்துதான் போக வேண்டும் என்று றஷீதாவிடம் சொன்னார். றஷீதா பாக்கியலெட்சுமியைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழம வாங்க புள்ள. பன்னெண்டரைக்கு. அதுக்கு முந்தி இந்த ஒழுங்கைக்குள்ள காலே வைக்க வேணாம். பஸ் ஸ்டாண்ட்ல இருங்க," என்றாள்.

பாக்கியலெட்சுமி முந்தானையைச் சுருட்டினாள். "நாளைக்கே முடியாதுங்களா மிஸ்ஸி? செவ்வாக்கெழம கோயில்ல..."

"கோயிலுக்குப் பொறகு போகலாம். வெள்ளிக்கிழமையத் தவிர வேற நாள் இல்ல."

"ஆமாங்க," என்றாள் அவள். அவ்வளவுதான். றஷீதா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். தோட்டத்தில் கங்காணி அதட்டினாலும் 'ஆமாங்க', துரை ஏசினாலும் 'ஆமாங்க'. அந்தச் சொல்லுக்குச் சம்மதம் என்று மட்டும்தான் பொருளா என்று யோசித்திருக்கலாம். பத்து வருஷமாக அந்தப் பெண்களோடு பழகியவளுக்கு அது தெரியாததும் இல்லை. அவசரம், வேறென்ன.

வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தாள். மஞ்சள் தேய்த்துத் தலைக்குக் குளித்து, மஞ்சள் சீலை கட்டியிருந்தாள். ஒழுங்கையில் ஈ காக்கை இல்லை. வேலை முடிந்தபோது பள்ளியில் இன்னும் தொழுகை முடியவில்லை. கர்ப்பப்பை தளர்ந்துபோயிருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள், எழும்ப விடாதே என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா பண்டாரவளைக்குப் புறப்பட்டார். வெள்ளி பின்னேரம் அங்கே அவருக்கு இன்னொரு கிளினிக்.

"இன்னைக்கு ராவு இங்கதான். நானும் உங்களோட படுத்துக்கிறன், பயப்பட வேணாம்," என்றாள் றஷீதா.

பாக்கியலெட்சுமி அதற்கும் "ஆமாங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். றஷீதா இரண்டு தடவை துணி மாற்றினாள், தேத்தண்ணி குடிக்கவைத்தாள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் மேல்மாடிக்குப் போய்த் தொழுதுவிட்டு இறங்கி வந்தாள். பாய் காலியாக இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. படியில் இரத்தம் சொட்டியிருந்தது, சீத்தைத் துணியால் அவசரமாகத் துடைத்த அடையாளமும் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். மடுல்சீமை பஸ் போய்விட்டது. கடலைக்காரி ஒருத்தி, ஆமாம், மஞ்சள் சீலைக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினாள் என்றாள். ஹயர் கார் நிற்கிற இடத்தில் ஒரு காரும் இல்லை, பெற்றோல் தட்டுப்பாடு. பாக்கியலெட்சுமி எதற்கு ஓடினாள் என்று றஷீதாவுக்கு விளங்கவில்லை. வீட்டுப் பயமா, போலீஸ் பயமா? எதுவாக இருந்தாலும் அந்த மலைப் பாதையில், அந்தக் குலுக்கலில், அந்த இரத்தப் போக்கோடு அவள் வீடு போய்ச் சேரமாட்டாள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. டவுனில் பெற்றோலோடு நிற்கிற வாகனம் ஒன்றுதான் அவள் ஞாபகத்துக்கு வந்தது. அது ஜுனைதீனுடைய பழைய மொறிஸ் வேன்.

போனாள். அவர் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஜுனைதீன் நானா, வேனை எடுங்க. ஒரு பொம்புள சாகப் போறா."

"எந்தப் பொம்புள?"

"எங்கட பின்னறையில இருந்த பொம்புள. இன்னைக்குத்தான் செஞ்சது. எழும்பி ஓடிட்டா. ரத்தம் போகுது."

ஜுனைதீன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவளுடைய வாயால் அதை அவர் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனாலும் அவள் சொன்னதில்லை. இப்போது நடுத்தெருவில் சொல்லியாகிவிட்டது. அவர் எழுந்து உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

பசறை தாண்டியது. அப்புறம் அவர் தொடங்கினார். "நீ செஞ்சது பெரிய பாவம், றஷீதா. அந்தப் பொம்புள மௌத்தானா அது இன்னொரு..."

"ரோட்டப் பாருங்க நானா."

அவர் வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். நல்லவேளை, அவருக்கு ஓட்டத் தெரிந்திருந்தது. அந்த வளைவுகளில் அந்த வேகத்தில் வேறு யார் ஓட்டினாலும் இரண்டு பேருக்கும் ஜனாஸா எடுத்து அடக்க வேண்டி வந்திருக்கும்.

பொழுது சாய்கிற நேரம் தோட்டத்துக்குள் ஏறுகிற பாதையை அடைந்தார்கள். மேலே கோயிலில் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. பாதையின் குறுக்கே, இரண்டு சவுக்கு மரங்களுக்கு இடையே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. வேப்பிலை அந்த மலையில் கிடையாது, பிபிலைப் பக்கமிருந்து ஆள் அனுப்பி எடுக்க வேண்டும். தோரணத்துக்கு இந்தப் பக்கம், புல்லில், பாக்கியலெட்சுமி சாய்ந்து கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமியார் வேலாயி, தன் கம்பளியை மருமகளுக்குக் கீழே விரித்துவிட்டுக் குந்தியிருந்தாள். கம்பளி நனைந்துவிட்டது.

"ஏன் இங்க போட்டு வெச்சிருக்கீங்க?" றஷீதா கத்தியே விட்டாள்.

வேலாயி சொன்னாள். செவ்வாய்க்கிழமை அம்மாளுக்குக் காப்பு கட்டியாகிவிட்டது. காப்பு கட்டினால் திருவிழா முடியும் மட்டும் இந்தத் தோட்டத்து ஆள் யாரும் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. தங்கினால் அம்மாள் கோபம் தோட்டத்தில் இறங்கும், பிள்ளைகளுக்கு அம்மை போடும். அதனால்தான் இவள் இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். வந்த இடத்தில், இந்தக் கோலத்தில், இரத்தத் தீட்டோடு தோரணத்துக்கு உள்ளே எப்படி விடுவது? அதுவும் கரகம் எடுக்கிறவனே இவள் புருஷன். கையில் காப்போடு கோயிலில் தங்கியிருக்கிறான்.

"உள்ளயும் விட முடியல, வெளியயும் விட முடியல. நான் என்னாங்க பண்ணுவேன்?" என்று வேலாயி அழுதாள்.

றஷீதா குந்தி நாடியைப் பிடித்துப் பார்த்தாள். நூல் மாதிரி ஓடியது. இவள் வாயால் 'கோயில்' என்ற சொல் வந்ததே, செவ்வாய்க்கிழமை என்றாளே என்று அப்போதுதான் நெஞ்சில் குத்தியது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இப்பவே," என்றாள்.

பாக்கியலெட்சுமிக்கு நினைவு இருந்தது. "வேணாங்க மிஸ்ஸி. ராத் தங்கக் கூடாதுங்க," என்றாள். புல்லைப் பிடித்துக்கொண்டாள். தூக்கப் போனால் உதறினாள். அந்த உதறலுக்கே இரத்தம் இன்னும் போனது.

மேலே பாதையில் நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். நடுவில் மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவன், வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல். அவன்தான் அழகர், பாக்கியலெட்சுமியின் புருஷன். தோரணத்துக்கு உள்ளே, தூரத்திலேயே நின்றுவிட்டான். விரதக்காரன் தீட்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. பெண்கள் யாரும் அவனிடம் போகக் கூடாது. றஷீதாவும் பெண்தான், போதாததற்குக் கையெல்லாம் இரத்தம். ஆகவே ஜுனைதீன் போனார்.

றஷீதாவுக்கு அவரைத் தெரியும். பொய் பேசாத மனுஷர். 'உன் பொண்டாட்டி உன் பிள்ளையை அழித்துவிட்டு வந்து கிடக்கிறாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண் பிழைத்தாலும் வாழமாட்டாள். காதைத் தீட்டிக் கேட்டாள்.

"தம்பி, சம்சாரத்துக்கு ரத்தப் போக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாட்டி ராவைக்குள்ள முடிஞ்சிரும்," என்றார் ஜுனைதீன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அழகர் எதுவும் கேட்கவில்லை. ஏன், எப்படி, என்ன ஆச்சு என்று ஒரு கேள்வி கூட இல்லை. இடது கையால் மணிக்கட்டிலிருந்த காப்பைப் பிடித்து இழுத்தான். அது முறுக்கிக் கட்டிய நூல், அறவில்லை. பல்லால் கடித்து அறுத்தான். கூட வந்தவர்கள் "டேய் அழகரு" என்று கையைப் பிடிக்க வந்தார்கள். வேலாயி "அம்மாளே, தாயே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவன் காப்பைத் தோரணத்தின் அடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து, பெண்டாட்டியை அள்ளித் தூக்கினான். புருஷன் தூக்கியதும் பாக்கியலெட்சுமி உதறவில்லை.

பசறை ஆஸ்பத்திரியில் ஊசி ஒன்று போட்டு, பதுளைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். வழியெல்லாம் றஷீதா பாக்கியலெட்சுமியின் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்தபடி வந்தாள். அழகர் பெண்டாட்டியின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தான். என்ன நடந்தது என்று அவன் எந்த நேரம் கேட்கப் போகிறானோ என்று றஷீதாவின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவன் கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் வந்தார். தானாகக் கலைந்ததா என்று கேட்டார். 'ஆமா' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் றஷீதா வீட்டுக்குப் போகலாம். டாக்டரம்மா தப்பலாம், பின்னறையும் தப்பும். சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் தானாகக் கலைந்தது என்றால் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், காத்திருப்பார்கள். உள்ளே கருவி பட்டு ஓட்டையாகியிருந்தால் காத்திருக்க நேரம் இல்லை.

"இல்ல டொக்டர். மத்தியானம் கருவி போட்டுச் சுத்தம் செஞ்சது. நான் பக்கத்துல இருந்தன்," என்றாள்.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். உடனே தியேட்டருக்குக் கொண்டு போகச் சொன்னார். அடுத்த கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிப் போலீஸ் காவலுக்குச் செய்தி போனது. கான்ஸ்டபிள் வந்து அவளுடைய பெயரும் இடமும் கேட்டுவிட்டு, விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், உட்கார்ந்திருக்கிற இந்த வாங்கை விட்டு எழும்பக் கூடாது என்றான். ஜுனைதீனை வீட்டுக்குப் போகலாம் என்றான். அவர் போகவில்லை. வாங்கின் மறுமுனையில் உட்கார்ந்தார். தஸ்பீஹ் மணியை உருட்டினார், நிறுத்தினார், மறுபடி உருட்டினார். றஷீதாவும் ஓதினாள். பாக்கியலெட்சுமி பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்த நேரம் வேறு துஆ இல்லை. ஸ்டேஷன் எல்லாம் பிறகு.

விடிந்து, ஆயாக்கள் வாளியும் துடைப்பமுமாக வரத் தொடங்கிய நேரம், அழகர் வார்டிலிருந்து வந்தான். மஞ்சள் வேட்டியெல்லாம் கறை. அவர்களுக்கு முன்னால் தரையில் குந்தினான். றஷீதா, அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தாள்.

"உசுரு தப்பிச்சிருச்சுங்க மிஸ்ஸி. பையை எடுத்துட்டாங்களாம். இனி புள்ள வராதாம்," என்றான்.

றஷீதா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு அழுதாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஜுனைதீனின் குரல் கேட்டது.

"நான் ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணும்," என்று றஷீதா தொடங்கினாள். "உங்க சம்சாரம் என்னட்ட எதுக்கு வந்தாங்கண்டா..."

"தெரியுங்க. நான்தானே அனுப்புனேன்."

றஷீதா முகத்திலிருந்து முக்காட்டை எடுத்தாள்.

"அஞ்சு புள்ளைகளுக்கே மரவள்ளிக் கெழங்குதாங்க. அவ செத்துப் போனா அதுங்கள யாரு பாப்பா? எங்கம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். செவ்வாக்கெழம காப்பு கட்டிருவாங்க, அதுக்கு முந்தி நாள் கேளு புள்ளன்னு சொல்லித்தான் அனுப்புனேன். அவ கேக்கலீங்களா?"

"கேட்டா," என்றாள் றஷீதா.

"அப்புறம் ஏங்க வெள்ளிக்கெழமையே வரச் சொன்னீங்க?"

குற்றம் சொல்கிற குரலே இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டான். அதற்குப் பதில் அந்த வாங்கின் மறுமுனையில் தஸ்பீஹோடு உட்கார்ந்திருந்தது. றஷீதா கையைக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் 'நாளைக்கே முடியாதுங்களா' என்று கேட்டபோது பேச்சை வெட்டியது ஜுனைதீன் இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜுனைதீன்தான் பேசினார். "வெள்ளிக்கிழம பகல்ல நான் கடையில இருக்கமாட்டன், தம்பி. அதனாலதான்."

அழகருக்குப் புரியவில்லை. "நீங்க இருந்தா என்னாங்க மொதலாளி?"

"நான் இருந்தா ஒங்க சம்சாரத்தத் திருப்பி அனுப்பியிருப்பன்."

அழகர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி ஓட்டி வந்து இரவெல்லாம் கூட இருந்த மனுஷர், மரியாதை குறையக் கூடாது என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"திருப்பி அனுப்பி?"

கான்ஸ்டபிள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, "எழும்பு, போவோம்," என்றான். றஷீதா எழுந்தாள். ஜுனைதீன் என்ன பதில் சொல்லப் போகிறார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவர் தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். கான்ஸ்டபிள் மறுபடி கூப்பிட்டான், அவள் போய்விட்டாள்.